பிக்கப்புக்கு எந்த ஜாக்கி? முதலில் தரையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். சொந்த வண்டி, பொலேரோ பிக்கப். டயர் 215/75 ஆர்15. காலி எடை 1,700 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், லோடு ஒன்றரை டன் வரை ஏற்றுவேன். போன மாதம் உடுமலை தாண்டியதும் இரவு 11 மணிக்குப் பின்பக்க வலது டயர் பஞ்சர். வண்டியில் கிடந்த ஸ்க்ரூ ஜாக்கியைச் சேசிஸுக்கு அடியில் வைத்துத் தூக்கினேன். நட்டையெல்லாம் கழற்றி டயரை இழுக்கப் போகும் நேரத்தில் ஜாக்கி சாய்ந்து வண்டி உட்கார்ந்துவிட்டது. கை தப்பியது கடவுள் புண்ணியம். இப்போது 2 டன் டிராலி ஜாக்கி (சக்கரம் வைத்துத் தரையில் உருளும் ரகம்) ஆன்லைனில் மூவாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. மூன்று டன் வண்டிக்கு 3 டன் ஜாக்கிதான் வேண்டும் என்கிறார் மச்சான். கூட வரும் பையன் பாட்டில் ஜாக்கி (நிமிர்ந்து நிற்கும் சின்ன ஹைட்ராலிக் ஜாக்கி) போதும் என்கிறான். எதை வாங்குவது? பின்பக்கப் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) புஷ்ஷும் தேய்ந்துவிட்டது, அதை வீட்டு வாசலில் நானே மாற்றலாம் என்று எண்ணம். பக்கத்தில் மூடிவிட்ட பட்டறை ஒன்றில் பழைய 3 டன் டிராலி ஜாக்கி பாதி விலைக்கு வருகிறது, அதையும் வாங்கலாமா என்று சொல்லுங்கள். (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: தம்பி, கை தப்பியதைப் படித்த பிறகுதான் மற்றதைப் படித்தேன். உங்கள் கேள்வி முழுக்க டன்னைப் பற்றி இருக்கிறது. ஆனால் அன்றைக்கு உங்களைக் கவிழ்த்தது டன் இல்லை. ஸ்க்ரூ ஜாக்கி எடை தாங்காமல் உடைந்திருந்தால் உடைந்தது என்று எழுதியிருப்பீர்கள். சாய்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சாலையோர மண்ணில், உள்ளங்கை அகல அடித்தட்டின்மேல், லோடு வண்டியின் சேசிஸை நிறுத்தினால் சாயாமல் என்ன செய்யும்?

முதலில் மச்சானின் கணக்கைப் பார்த்துவிடலாம். வண்டியும் லோடும் சேர்ந்து மூன்று டன்னுக்கு மேல். சரி. ஆனால் ஜாக்கி முழு வண்டியையும் தூக்குவதில்லை. லோடு ஏற்றிய பிக்கப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எடை பின் ஆக்சிலில் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சில்) உட்காரும். அது இரண்டு டன்னைத் தொடும். அதில் ஒரு சக்கரத்தின் பங்கு ஒரு டன், சற்றுக் கூட இருக்கலாம். பஞ்சருக்கு நீங்கள் தூக்குவது ஒரு பக்கம் மட்டும்தான். ஆக, எடைக்கு 2 டன் ஜாக்கி போதும். (நீங்கள் சொன்ன ஒன்றரை டன்னை நம்பிச் சொல்கிறேன். சந்தையில் எத்தனை மூட்டை ஏறும் என்று எனக்கும் தெரியும்.)

அப்படியானால் ஆன்லைனில் பார்த்ததை வாங்கிவிடலாமா? வேண்டாம். மச்சான் சொன்ன காரணம் தவறு, சொன்ன ஜாக்கி சரி. காரணம் உயரம்.

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் டயரின் முழு உயரம் சுமார் 70 செ.மீ. ஆக்சிலின் நடு மையம் அதில் பாதி, 35. ஆக்சிலை மூடியிருக்கும் ஹவுசிங் குழாயின் பாதித் தடிமனைக் கழித்தால், ஜாக்கி தொட வேண்டிய இடம் தரையிலிருந்து 30 செ.மீ. அளவில் நிற்கும். மலிவான 2 டன் டிராலி ஜாக்கிகளில் பெரும்பாலானவை 33, 34 செ.மீ.க்கு மேல் எழும்பாது. அவை காருக்கென்று வந்தவை. காற்று நிறைந்த ஸ்டெப்னியை மாட்டுகிற உயரத்துக்கு வண்டியைக் கொண்டுவருவதற்குள் அதன் கை முட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்போது ஆள் என்ன செய்வான்? ஜாக்கித் தலைமேல் ஒரு கட்டையை வைப்பான். கட்டை பற்றாவிட்டால் அதன்மேல் ஒரு செங்கல். இப்படிச் செங்கல் வைத்துத் தூக்கியவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்து சொன்ன கதைகள் நிறைய உண்டு. 3 டன் ஜாக்கிகளில் 45 முதல் 50 செ.மீ. வரை எழும்புபவை கிடைக்கின்றன. சட்டமும் அகலம், சக்கரமும் பெரிது. 3 டன் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். பெட்டியில் எழுதியிருக்கும் டன்னைவிட, குறைந்த உயரம், அதிக உயரம் என்ற இரண்டு எண்களையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

குறைந்த உயரத்தை ஏன் பார்க்க வேண்டும் என்றால், பஞ்சரான டயரோடு வண்டி கீழே இறங்கிவிடும். லோடோடு டயர் சப்பையானால் ஆக்சில் நான்கு அங்குலத்துக்கு மேல் தாழும். 30 செ.மீ. இருந்த இடம் 20க்கும் கீழே போய்விடும். 5 டன் பாட்டில் ஜாக்கி மடங்கிய நிலையிலேயே 20 செ.மீ. அளவு நிற்கும். நடுராத்திரியில் கடையிலிருந்து வாங்கி வந்த புத்தம் புதுப் பாட்டில் ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆக்சிலுக்கு அடியில் நுழையவில்லையே என்று விழித்த டிரைவர்களை எனக்குத் தெரியும். இதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். முதலில் வீட்டில், சமதரையில், பகலில் ஒரு சோதனை செய்யுங்கள். லோடு இருக்கிற நாளாகப் பார்த்துப் பின்பக்க டயர் ஒன்றின் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்டுவிட்டு, ஆக்சில் குழாயின் உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். காற்றோடு இருக்கும்போது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டு எண்ணோடு கடைக்குப் போனால் கடைக்காரர் உங்களை ஏமாற்ற முடியாது. காற்றடிக்கும் கடை வீட்டுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் பம்புக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சப்பை டயரோடு கடைவரை ஓட்ட வேண்டாம்.

இப்போது தரை.

டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை. ஒரு முனையில் கீல் போட்டிருப்பதால் வில்லைப் போல வளைந்து எழும்பும். எழும்ப எழும்ப அதன் தலை, நீங்கள் பிடித்திருக்கும் கைப்பிடியை நோக்கிப் பின்வாங்கும். ஒரு சாண் உயர்த்தினால் இரண்டு மூன்று அங்குலமாவது பின்வாங்கும். வண்டியோ கட்டை போட்டு நிற்கிறது, அது நகராது. ஆகவே ஜாக்கிதான் உருண்டு வண்டிக்கு அடியில் போயாக வேண்டும். அதற்குத்தான் அந்த நான்கு இரும்புச் சக்கரம். இழுத்துக்கொண்டு போவதற்காக வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல சிமென்ட் தரையில் பம்ப் அடிக்கும்போது கூர்ந்து பாருங்கள், ஜாக்கி எறும்பு ஊர்வதுபோல உள்ளே நகரும். மண்ணில் அந்தச் சக்கரம் புதைந்துவிடும். நகர முடியாத ஜாக்கியின் தலை ஆக்சிலுக்கு அடியில் வழுக்கத் தொடங்கும். நீங்கள் பம்ப் அடிக்கிற வேகத்தில் அது தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

நான் பட்டறையில் எடுபிடியாக இருந்தபோது, பதினேழு வயது, மழை விட்ட மறுநாள் ஒரு வேனைப் பின்பக்கம் தூக்கினோம். முற்றம் முழுக்க ஈரமண். ஜாக்கி பெரியது, பட்டறை முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஜாக்கி. டிரம்மைக் கழற்றிவிட்டு என் கூட்டாளி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடுக்க எழுந்து போனான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஜாக்கித் தலை ஆக்சிலின் ஓரத்துக்கு வந்திருந்தது. வாயைத் திறப்பதற்குள் வண்டி இறங்கிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரமண்ணில் இரும்பு விழுந்தால் ‘தொப்’ என்றுதான் கேட்கும். அவன் கால் இருந்த இடத்தில் பிரேக் பிளேட் நான்கு விரல் புதைந்திருந்தது. முதலாளி ஜாக்கிமேல் பழியைப் போட்டு அந்த வாரமே விற்றுவிட்டார். வாங்கியவர் அதைச் சிமென்ட் தரையில் பத்து வருஷத்துக்கு மேல் வைத்து ஓட்டினார், ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை.

அதனால் என் யோசனை, ஒரு ஜாக்கியை வைத்துக்கொண்டு இரண்டு வேலையும் பார்க்காதீர்கள். டிராலி ஜாக்கி வீட்டில் இருக்கட்டும். 3 டன் ஜாக்கி என்றால் 30 கிலோ பக்கம் எடை இருக்கும், பின்தொட்டியில் கட்டாமல் போட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் காய்கறிக் கூடையை இடிக்கும். வண்டியில் 5 டன் பாட்டில் ஜாக்கியும், இரண்டு அங்குலக் கனமும் ஒரு அடிச் சதுரமும் உள்ள வேலங்கட்டைப் பலகை ஒன்றும், ஒரு சாண் அகலத்தில் நீளப் பலகை ஒன்றும், இரண்டு ஆப்புக்கட்டைகளும் போதும். பாட்டில் ஜாக்கி நேர்க்குத்தாக எழும்புவதால் அதற்கு உருள வேண்டிய தேவை இல்லை. அடியில் அசையாத இடம் மட்டும் கொடுத்தால் போதும். அதைப் பலகை கொடுக்கும். ஹாலோ பிளாக் கல்லை ஒருபோதும் வைக்காதீர்கள். மரம் நசுங்குவதற்கு முன் முனகும், விரிசல் காட்டும். ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மாவாகும்.

உடுமலைச் சாலையில் அடுத்த முறை இப்படி ஆனால் (ஆகாமல் இருக்கட்டும்) என்ன செய்வது? வலது பின் டயர் என்றால் நீங்கள் உட்காரும் இடம் லாரி போகும் பக்கம். டயர் போனால் போகட்டும் என்று மெதுவாக உருட்டி, சமதரையும் அகலமும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆறாயிரம் ரூபாய் டயருக்காக முதுகை லாரிக்குக் காட்டாதீர்கள். விளக்கைப் போட்டு, முக்கோணத்தை நன்றாகப் பின்னால் வையுங்கள். பிறகு முதல் வேலையாக ஸ்டெப்னியை இறக்குங்கள். அது சேசிஸுக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிற வண்டிகளில், தூக்கிய பிறகு அதை எடுக்க அடியில் நுழைவதுதான் ஆளைக் கொல்லும் தவறு. இறக்கிய ஸ்டெப்னியைச் சும்மா ஓரமாகச் சாய்க்காமல், பஞ்சரான சக்கரத்துக்குப் பக்கத்தில் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி டயர்மேல் உட்காரும், உங்கள் கைமேல் உட்காராது. பஞ்சர் டயரைக் கழற்றியதும் அதை அங்கே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்து மாட்டுங்கள்.

கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்தாச்சு, அப்புறம் எதற்குக் கட்டை என்று கேட்கலாம். பின்சக்கரம் ஒன்று தரையை விட்டதும் கியர் உங்களைக் கைவிட்டுவிடும். இன்ஜின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் குணம் அது. தரையில் நிற்கும் சக்கரம் ஒரு பக்கம் உருண்டால், அந்தரத்தில் நிற்பது மறுபக்கம் சுழன்றுகொள்ளும். இன்ஜின் பிடித்து ஒரு பயனும் இல்லை. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும், அதில் ஒன்று இப்போது காற்றில். முன்சக்கரங்களுக்கு எந்தப் பிடியும் இல்லை. ஆகவே மிச்சம் இருப்பது ஒற்றைச் சக்கரத்தின் பிரேக் லைனிங், அதுவும் நீங்கள் எப்போது டைட் வைத்தீர்களோ. பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக்கே கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாப்டைத்தான் பிடிக்கும், ஒரு சக்கரத்தைத் தூக்கினால் அதுவும் பூஜ்யம். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பஞ்சருக்கு எதிர்மூலையில் உள்ள சக்கரம்தான் முக்கியம். கட்டை இல்லாமல் கல் வைத்தீர்கள் என்றால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். சாலை நடுவில் லாரிக்காரர் விட்டுப்போன கல்லில் இரவில் பைக் ஏறி விழுந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி நுழையவில்லை என்றால் அந்த நீளப் பலகை எதற்கு என்று இப்போது புரியும். சப்பை டயருக்கு முன்னால் அதைப் போட்டு, வண்டியை ஒரு அடி முன்னே எடுத்துப் பலகைமேல் ஏற்றிவிடுங்கள். இரண்டு அங்குலம் கிடைத்துவிடும், ஜாக்கி உள்ளே போகும். கட்டையெல்லாம் போட்டு முடித்த பிறகு, வண்டி தரையில் நிற்கும்போதே ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று இளக்கிவிட வேண்டும். தூக்கிய வண்டியில் ஸ்பேனர்மேல் ஏறி மிதித்தால் ஜாக்கி சாயத்தான் செய்யும். அன்றைக்கு உங்களுக்கு நடந்ததும் இப்படித்தானோ என்று எனக்குச் சந்தேகம். ஜாக்கியைச் சேசிஸில் வைக்காமல் ஆக்சில் குழாயில், பட்டை உட்காரும் இடத்துக்கு அருகில் வையுங்கள். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் நுனிமேல் வேண்டாம், வழுக்கும். நடுவில் உருண்டையாகப் பின்னால் தெரியும் மெல்லிய தகட்டு மூடியில் வேண்டவே வேண்டாம், நசுங்கி ஆயில் கசியும். சேசிஸில் வைத்துத் தூக்கினால் முதலில் பட்டை விரியும் தூரம் முழுவதும் தூக்கி முடித்த பிறகுதான் டயர் கிளம்பும். அவ்வளவு உயரத்துக்கு ஜாக்கியை நீட்ட வேண்டியிருக்கும். ஆக்சிலில் வைத்தால் இரண்டு விரல் உயர்ந்தாலே டயர் காற்றில். முன்பக்கத்துக்கு இதே விதி பொருந்தாது, அமைப்பு வண்டிக்கு வண்டி மாறும். வண்டிக் கையேட்டில் ஜாக்கி வைக்கும் இடத்தைப் படம் போட்டிருப்பார்கள், அதைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். நட்டை எதிரெதிராக இறுக்கி, இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. பொள்ளாச்சியில் டீ குடிக்க நிறுத்தும்போது இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

அடுத்து பட்டை புஷ். நீங்களே மாற்றலாம், ஆனால் மண் வாசலில் வேண்டாம். வண்டியின் பின்பாதி நிற்கும் அளவுக்கு நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டு நன்றாகப் பதமாக விடுங்கள். தார் சாலை ஓரமும் ஆகாது, சித்திரை வெயிலில் தார் இளகி, தூக்கிய வண்டியைத் தாங்க வைக்கும் ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும். காலி வண்டியை டிராலி ஜாக்கியால் தூக்கி, பின்பக்கப் பட்டையின் முன்கண்ணுக்கு (முன்நுனி வளையத்துக்கு) சற்று முன்னால் சேசிஸ் நேராக ஓடும் இடத்தில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். வைத்த பிறகு பக்கவாட்டில் வண்டியைக் கையால் உலுக்கிப் பாருங்கள். ஆடினால் இப்போதே ஆடட்டும். அதன்பிறகு ஜாக்கிக்கு ஒரே வேலை, ஆக்சிலைத் தாங்கிப் பிடிப்பது. கொஞ்சம் இறக்கிப் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி, கண்ணில் செருகியிருக்கும் பின்னைக் கையாலேயே சுழற்றும் நிலைக்கு வந்த பிறகு அதை அடித்து எடுங்கள். புது புஷ் போட்டு மாட்டும்போது துளை நேராக வரும்வரை ஜாக்கியை அரை பம்ப், அரை பம்பாக ஏற்றுங்கள். புஷ் மாற்றும்போது டிராலி ஜாக்கியின் அருமை தெரியும்.

ஸ்டாண்டில் இரண்டு வகை. பல் சக்கரம்போல் ‘கடகட’வென்று ஏறும் ரகம் ஒன்று, துளையில் கம்பி செருகும் ரகம் ஒன்று. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற நிறுவனம் தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பல் சரியாகப் பிடிக்காமல் வண்டி இறங்கிவிடலாம் என்பதுதான் காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவும் வெல்டிங் குறைக்காக அதே ஆண்டு திரும்பப் போயின. அதனால் நான் கம்பி செருகும் ரகத்தையே சொல்வேன். கம்பி குறுக்கே நிற்பது கண்ணுக்குத் தெரியும். கொடுத்த கம்பி தொலைந்துவிட்டது என்று ஸ்க்ரூடிரைவரைச் செருகுகிறவர்களுக்கு மட்டும் எதுவும் சொல்வதற்கில்லை.

கடைசியாக அந்தப் பழைய ஜாக்கி. வாங்கலாம், சோதித்துவிட்டு. முதலில் கைப்பிடியால் அதன் கையை ஆட்டிப் பாருங்கள், கீல் பின்னில் ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். சட்டத்தில் புது வெல்டிங் தெரிந்தாலும் அப்படியே. பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஓவர்லோடு வால்வின் திருகில் ஸ்க்ரூடிரைவர் கீறல் இருக்கிறதா பாருங்கள். அளவுக்கு மேல் எடை வந்தால் ஆயிலைத் திருப்பிவிடுவது அந்த வால்வுதான், அதை இறுக்கி வைத்தவன் 3 டன் ஜாக்கியை 4 டன்னாக்கிவிட்டோம் என்று நினைத்திருப்பான். என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்றும் கேளுங்கள். பிரேக் ஆயில் என்றால் உள்ளே சீல் ஊதியிருக்கும். 32-ஆம் நம்பர் ஹைட்ராலிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். தூக்கும்போது பஞ்சுபோல அமுங்கினால் காற்று புகுந்திருக்கலாம், வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பன்னிரண்டு தடவை பம்ப் அடித்தால் பெரும்பாலும் போய்விடும், அதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். இவ்வளவும் தேறினால் உங்கள் வண்டியையே அங்கே கொண்டுபோய்ச் சிமென்ட் தரையில் பின்பக்கம் தூக்கி, ஆக்சில் உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு, எதிரில் டீக்கடைக்குப் போய்வாருங்கள். வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்து அதே எண் நின்றால் கேட்ட விலையைக் கொடுங்கள். அரை அங்குலம் இறங்கியிருந்தால் சீல் மாற்றுகிற செலவைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.